மரியாதை மாறிய கதை: பலமனேர் எல்லையிலிருந்து ஒரு பார்வை

நம் சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதையே தெரியல. பெரியவங்க வந்தா எழுந்திருக்கறதில்ல, 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கிடையாது" என்பார்கள். வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் குறைக்கு இன்னொரு கிளையும் உண்டு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கு, வீட்டில் மட்டும் தமிழ் என்று வளரும் பிள்ளைக்கு 'நீ' எங்கே, 'நீங்க' எங்கே என்பது குழப்பமாகத்தான் இருக்கிறது. குறை நியாயமானதுதானா என்று தீர்ப்புச் சொல்லுமுன், மரியாதை என்ற பெயரில் நாம் எதையெல்லாம் கடைப்பிடித்து வந்திருக்கிறோம் என்று சற்றே புரட்டிப் பார்ப்பது நல்லது.

'மரியாதை' வடசொல். எல்லை, வரம்பு என்பது அதன் பழைய பொருள். யார் எவ்வளவு தூரம் வரலாம், எங்கே நிற்கலாம், என்ன சொல்லி அழைக்கலாம் என்ற வரம்புதான் முதலில் மரியாதை எனப்பட்டது. தமிழின் பழைய வழக்கோ வேறு மாதிரி இருந்தது. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனை நேருக்கு நேர் 'நீ' என்றே விளித்துப் பாடினார்கள். எந்த மன்னனும் அதை அவமதிப்பாகக் கொண்டதாகத் தெரியவில்லை. ஒருவரைப் பன்மையால் சொல்லும் பழக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது. அது உயர்த்திச் சொல்லும் உலக வழக்கே ஒழிய இலக்கண நெறி அன்று என்று சொல்லதிகாரத்தில் அவர் குறித்து வைத்திருக்கிறார். பிற்காலத்தில் 'நீர்' என்ற பன்மை ஒருவருக்கான மரியாதைச் சொல்லாயிற்று. அதுவும் போதாமல் 'நீங்கள்' வந்தது. 'அவர்' என்பது தேய்ந்தபோது 'அவர்கள்' சேர்ந்தது. ஆக, 'நீங்க' என்பது ஆதியிலிருந்து வந்த வேதவாக்கு அல்ல. காலம் செய்த ஏற்பாடு.

இரு மொழி ஊரின் பாடம்

இந்த ஏற்பாடு ஊருக்கு ஊர் மாறும் என்பதைக் காணப் பலமனேர் நல்ல இடம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமானபோது பலமனேர் தாலுகா அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. பலமனேர் ஆந்திரத்திலேயே நின்றது. தமிழகமும் கர்நாடகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், இங்கே ஒரே கடையில் இரண்டு மூன்று மொழிகளில் பேரம் நடப்பது புதுமையல்ல.

தெலுங்கில் 'நுவ்வு', 'மீரு' என்ற இரண்டும் நம் 'நீ', 'நீங்க' போன்றவை. பெயருக்குப் பின் 'காரு', வினைக்குப் பின் 'அண்டி' சேர்ந்தால் மரியாதை கூடும். ஆனால் ராயலசீமைப் பேச்சில் பெற்ற தாயையும் நெருங்கிய பெரியவர்களையும் 'நுவ்வு' என்பது சகஜம். அதில் குறைவு ஏதும் இல்லை. "ஏம்ப்பா", "செப்பப்பா" என்று சொல்லின் வாலில் தொங்கும் 'ப்பா'வே பாசத்தையும் பணிவையும் சேர்த்துச் சொல்லிவிடும். நம் "என்னப்பா", "சொல்லுப்பா" போலத்தான். கடலோர ஆந்திரத்துக்காரர் காதில் இது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படலாம். நம் வீடுகளில் மட்டும் என்ன? அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் சொல்லி வளர்ந்தவர்கள்தானே நம்மில் பலர்! மனைவி "என்னங்க" என்று அழைக்க, கணவன் "வாடி, போடி" என்றதையும் மரியாதை குறைவு என்று யாரும் அன்று எண்ணவில்லை. வரம்பு யாருக்குச் சாதகமாக வரையப்பட்டது என்பதை இதிலேயே காணலாம்.

கச்சேரியிலும் தெருவிலும்

சென்னை ராஜதானிக் காலத்துக் கச்சேரிக் கடிதங்களைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். உயர்நிலையில் உள்ள இந்தியர் பெயருக்கு முன் 'மகாராஜராஜஸ்ரீ' போட வேண்டும். 'ம-ள-ள-ஸ்ரீ' என்று அதைச் சுருக்கி எழுதுவார்கள். தமிழராயின் பெயருக்குப் பின் 'அவர்கள்', தெலுங்கராயின் 'காரு'. மொழி இரண்டானாலும் மரியாதையின் அச்சு ஒன்றே. நம் தலைமுறை பள்ளி விடுப்புக் கடிதத்தில் எழுதிய "தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்" என்பதும் ஆங்கில அலுவலகக் கடிதத்தின் "கீழ்ப்படிந்த ஊழியன்" வழியே வந்ததுதான்.

அதே காலத்தில் தெருவில் நடந்ததையும் சொல்லாமல் விடலாகாது. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். பேரன் வயதுப் பையன் 'டேய்' என்பான். நரைத்த கிழவர் 'சாமி', 'ஆண்டே' என்று பதில் சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. இவை அத்தனைக்கும் 'மரியாதை' என்றுதான் பெயர்! "அந்தக் காலத்துல எவ்வளவு மரியாதை இருந்துச்சு" என்று பெருமூச்சு விடுகையில், அந்த மரியாதைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டமும் இயக்கமும்

மாற்றம் தானாக வரவில்லை. பொதுச் சாலை, கிணறு, சத்திரம் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் வந்தது. பின்னர் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்ததால் இவை பலமனேருக்கும் உரியவை. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களைப் பிறர் காண இழிவுபடுத்துவதே குற்றம் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. மரியாதை என்பது மேலிருப்பவர் போடும் பிச்சையாக இருந்த காலம் போய், குடிமகனின் உரிமை என்ற இடத்துக்கு வந்தது. நடைமுறையில் இரட்டைக் குவளை இன்னும் முழுக்க ஒழிந்தபாடில்லை என்பது வேறு கதை.

சொற்களும் மாறின. 'நமஸ்காரம்' இருந்த இடத்தில் 'வணக்கம்' பரவியது. அண்ணா முதலமைச்சரான 1967க்குப் பிறகு தமிழக அரசு வழக்கில் 'ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி' போய்த் 'திரு, திருமதி, செல்வி' நிலைத்தன. ம-ள-ள-ஸ்ரீக்கு வாய்க்காத பரவல் 'திரு'வுக்கு வாய்த்தது. கலெக்டருக்கும் அதுதான், கடைநிலை ஊழியருக்கும் அதுதான்.

பொது இடத்து நடத்தையிலும் இப்படித்தான். கோயிலில் பரிவட்டம், முதல் தீர்த்தம், முதல் தாம்பூலம் என்று 'முதல் மரியாதை' யாருக்கு என்பதற்காக ஊர்கள் அடித்துக்கொண்டு நீதிமன்றம் போயிருக்கின்றன. வரிசை என்ற ஏற்பாடோ முன்னே வந்தவர் முன்னே என்கிறது. திருமலை தரும தரிசன வரிசையில் நிலச்சுவான்தாரும் கூலிக்காரரும் ஒரே கம்பித் தடுப்புக்குள் மணிக்கணக்கில் நகர்கிறார்கள். முக்கியஸ்தர்களுக்கு வேறு வழி இருப்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்து இன்று முணுமுணுக்கிறோமே, அந்த முணுமுணுப்பே புதிய மரியாதையின் அடையாளம்.

கொரியாவிலும் இதே கதை

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. இருங்காட்டுக்கோட்டையிலும் பெனுகொண்டாவிலும் கார்த் தொழிற்சாலை நடத்தும் கொரியர்களின் மொழியில், கேட்பவரின் வயதையும் பதவியையும் பொறுத்து வினைமுற்றே மாறும். அதனால்தான் புதிதாகச் சந்திப்பவர்கள் முதலில் வயதை விசாரிப்பது அங்கே வழக்கம். அலுவலகத்தில் ஒருவரைப் பதவிப் பெயர் சொல்லி அழைப்பதே முறை. அந்த நாட்டில் சீ.ஜே. என்ற பெரிய நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பதவி விளிகளை விட்டுவிட்டு, எல்லார் பெயருடனும் 'நிம்' என்ற ஒரே மரியாதை விகுதியைச் சேர்த்து அழைக்கச் சொன்னது. நம் 'அவர்கள்', தெலுங்கின் 'காரு' போன்றது அது. கவனியுங்கள், மரியாதையை அவர்கள் எடுத்துவிடவில்லை. எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள்.

நமக்கும் இதில் செய்தி உண்டு. பழையதில் கொள்ளத்தக்கது ஏதும் இல்லையா என்றால், நிறைய உண்டு. வாசலில் நிற்பவரைப் பார்த்து "வாங்க, உக்காருங்க, மோர் சாப்பிடறீங்களா?" என்று கேட்பது, "போறேன்" என்னாமல் "போய்ட்டு வரேன்" என்பது, முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா, பெரியவரே என்று உறவாக்கிக்கொள்வது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு அடுத்த அதிகாரமாகவே இனியவை கூறலை வைத்தார். யார் மேல், யார் கீழ் என்ற கணக்கு அங்கே இல்லை.

எனவே பிள்ளைக்கு 'நீங்க' சொல்லிக் கொடுப்போம். ஆனால் அதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். மாமா வந்தால் எழுந்து நிற்கும் பிள்ளை, வீட்டு வேலை செய்யும் அம்மாவை "நீ வா, நீ போ" என்றால் அது கற்றது பழைய வரம்பைத்தான். குடியிருப்புக் காவலாளி, ஆட்டோ ஓட்டுநர், குப்பை எடுக்க வருபவர் ஆகியோரிடமும் தமிழில் 'வாங்க', தெலுங்கில் 'ரண்டி' என்று அது சொல்லட்டும். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் பேசுவதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே அதை முதலில் தொடங்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.