பிரிக்கும் முறையும் படக்குழாயின் முடிவும்

ஒரு பொருளை உடைப்பது வேறு, பிரிப்பது வேறு. உடைப்பதற்குக் கைவலிமை போதும். பிரிப்பவனுக்கோ, கழற்றும் பகுதி ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாட்டு அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அளவைச் சொல்லி அச்சுறுத்துவோர் பலர் உளர். பிரிக்கும் முறையின் வரலாற்றைச் சொல்வோர் சிலரே. அவ்வரலாற்றில் நம் நெகிரி செம்பிலானுக்கும் ஓர் இடம் உண்டு.

தொடர்வரிசை உற்பத்தி என்றவுடன் 1913-ஆம் ஆண்டும் ஹென்றி ஃபோர்டின் பெயரும் நினைவுக்கு வரும். அவ்வரிசைக்குத் தூண்டுகோலாய் இருந்தவற்றுள் ஒன்று, சிக்காகோ இறைச்சிக் கூடங்களில் விலங்குடலைப் படிப்படியாகப் பிரித்துச் சென்ற வரிசையே. ஆகவே கோப்பதற்கு முன்பே பிரிப்பது வரிசை கண்டுவிட்டது எனலாம். 1930-ஐ ஒட்டி ஃபோர்டு நிறுவனம் தன் ரூஜ் ஆலையில் பழைய கார்களைப் பிரிக்கவும் ஒரு வரிசையை அமைத்தது. எண்ணெயை வடித்து, கண்ணாடியையும் இருக்கைகளையும் கழற்றிய பின்னரே எஞ்சிய இரும்பு உலைக்குச் சென்றது. 1990-களின் இறுதியில் பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குங்கோர், குப்தா என்னும் இருவர் இத்தகைய வரிசையைக் கணிதமாக்கினர். எதைக் கழற்றிய பின் எதைக் கழற்ற முடியும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த இடத்தில் நிறுத்தினால் செலவு வரவை மிஞ்சாது என்பவையே இத்துறையின் கேள்விகள். பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டத்தைப் பின்னிருந்து முன்னாக எழுதப் பழகிய ஆசிரியர்களுக்கு இம்முறை புதிதன்று. தோட்ட மக்களுக்கும் புதிதன்று. பாலை வாளியிலும் கட்டிப்பாலைத் தனிச் சாக்கிலும் சேர்த்தவர்கள் அவர்கள். இரண்டையும் கலந்தால் விலை இறங்கும் என்பது நிரையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இனிச் சிரம்பானுக்கு வருவோம். இந்நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978-இல் வந்தது. 1990-களில் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் கொரிய நாட்டுச் சாம்சங் நிறுவனத்தின் ஆலைகள் எழுந்தன. தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் வேண்டிய படக்குழாய்கள் அங்கே செய்யப்பட்டன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வந்த காலம் அது. பால் வெட்டியவர்களின் மக்கள் பலர் சிரம்பான், செனவாங் வட்டாரத்துத் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினர். கோக்கும் வேலையில் அவர்கள் கைதேர்ந்தனர். கோத்ததைப் பிரிக்க யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

படக்குழாயைப் பிரிப்பது எளிதன்று. பெட்டியின் பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை, குழாயில் தங்கியுள்ள மின்னேற்றத்தை நீக்குவது. வண்ணக் குழாய் 25,000 வோல்ட் அளவில் இயங்கியது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மிச்சம் உள்ளே கிடக்கும். அடுத்து, உள்ளே காற்றை விட வேண்டும். குழாய்க்குள் இருப்பது வெற்றிடம். தவறித் தட்டினால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சிதறும். ஆகையால் பக்கத்திலுள்ள மின்வாயில் சிறு துளையிட்டோ, கழுத்தின் முனையை மெல்ல முறித்தோ காற்றை விடுவர். அதன் பின்னரே கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருளை உருவுவர். பழைய இரும்புக்காரர் நேரே தேடி வருவது இச்செம்பைத்தான். அதற்காக அவர் கழுத்தை ஓங்கி உடைத்துவிட்டு, மற்றதைச் சாக்கடையோரம் எறிந்துவிட்டுப் போவார். அவருக்கு எங்கே நிறுத்துவது என்ற கணக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கணக்கில் ஊர்த் தண்ணீர் இடம்பெறவில்லை, அவ்வளவே.

முறையாகச் செய்பவர் மேலும் செல்ல வேண்டும். குழாயின் முகக் கண்ணாடியும் பின்னுள்ள புனல் கண்ணாடியும் வெவ்வேறு இனத்தவை. புனலில் ஏறத்தாழ 20 விழுக்காடு ஈய ஆக்சைடு உண்டு. கதிர்களைத் தடுப்பதற்காகச் சேர்த்தது அது. முகத்திலும் அவ்வளவு ஈயம் இருந்தால் எலக்ட்ரான் தாக்குதலால் கண்ணாடி பழுப்பேறிவிடும். எனவே அங்கே பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சேர்த்தனர். இவ்விரு கண்ணாடிகளும் கலந்தால் இரண்டும் கெடும். அதனால் இணைப்புக்கு அருகே சூடேற்றிய கம்பியைச் சுற்றியோ வைர வாளால் அறுத்தோ இரண்டையும் பிரித்தனர். துளையிட்ட எஃகுத் தகட்டை எடுத்துவிட்டு, முகத்தின் உட்புறத்திலுள்ள ஒளிர்பொடியை உறிஞ்சி அகற்றினர். இத்தனைக்குப் பிறகு கிடைத்த தூய கண்ணாடி மீண்டும் புதுக் குழாயாயிற்று.

இந்தச் சுழற்சி திறமைக் குறைவால் முறியவில்லை. தட்டைத் திரை வந்தது. குழாய்க்கு வேலையில்லாது போயிற்று. சிரம்பான் ஆலையும் 2010-களின் தொடக்கத்தில் குழாயை விட்டு மின்கலத்துக்கு மாறியது. பிரிப்பவர் கையில் இருந்த கண்ணாடிக்குப் போகுமிடம் இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஒரு நிறுவனம் 2016-இல் கைவிட்டுச் சென்ற கிடங்குகளில் பல்லாயிரம் டன் குழாய்க் கண்ணாடி குவிந்து கிடந்தது. ஈய உலைகள் ஓரளவே ஏற்றன. எஞ்சியதற்குக் காப்பிட்ட நிலநிரப்பே கதி.

அத்தகைய நிலநிரப்பும் நம் மாநிலத்திலேயே உள்ளது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில், தானா மேரா தோட்ட நிலத்தில் அமைந்த புக்கிட் நானாஸ் நச்சுக்கழிவு நிலையம் 1998-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. எரிஉலை, வேதிமுறைச் சுத்திகரிப்பு, திண்மமாக்கல், நிலநிரப்பு எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தன. 2005 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைக் கழிவு விதிகள், மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்ற தனிக் குறியீடு தந்தன. படக்குழாய்க் கண்ணாடி அதில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டது. ஆனால் அவ்விதிகள் தொழிற்சாலைக் கழிவையே முதன்மையாகக் கருதி எழுதப்பட்டவை. லயத்து வீட்டுத் திண்ணையில் கிடந்த பழைய பெட்டி, முன்போலவே பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறிற்று.

மின்கலத்தின் கதை இப்போது எழுதப்பட்டு வருகிறது. 2022 ஜூலையில் சிரம்பானில் இரண்டாவது மின்கல ஆலைக்கு அடிக்கல் நாட்டினர். லித்தியம் மின்கலத்தைப் பிரிப்பவனுக்கும் முதல் வேலை மின்னேற்றத்தை நீக்குவதே. குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பற்றும். உள்ளே கோபால்ட்டும் நிக்கலும் இருப்பதால் கண்ணாடியைப் போல் இதற்குப் போகுமிடம் இல்லாமற் போகாது. கழற்றுவதுதான் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கலச் சட்டப்படி, கையடக்கக் கருவிகளிலுள்ள மின்கலத்தை வாங்கியவரே எளிதில் கழற்றும்படி 2027 பிப்ரவரி 18 முதல் அமைக்க வேண்டும். சில விலக்குகளும் உண்டு. நம் கையிலுள்ள கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது.