சிகரெட் நுனியிலிருந்து பென் டிரைவ் வரை

மெமரி கார்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் மஞ்சள் பட்டைகள் வரிசையாக மின்னும். அது தங்க முலாம். தாமிரம் நாளடைவில் களிம்பேறும். தங்கம் அப்படியே இருக்கும். கோலார் தங்கவயலில் 1880 முதல் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வெட்டியெடுத்தது இந்த உலோகத்தைத்தான். தகவலைச் சேமிக்கும் கருவிகளின் கதையிலும் இதே உலோகம் எதிர்பாராத இடங்களில் குறுக்கிடுகிறது.

முதல் குறுக்கீடு சிகரெட்டில். 1920களில் ஜெர்மனியில் சிகரெட் நுனிக்குத் தங்கத் தகடு சுற்றும் ஆடம்பரம் இருந்தது. செலவு அதிகம். டிரெஸ்டன் நகரப் பொறியாளர் ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர், தங்கம்போல் மின்னும் வெண்கலத்தைக் காகிதத்தில் பூசும் மலிவான முறையைக் கண்டுபிடித்தார். அதே முறையில் இரும்புத் தூளைப் பூசினால் அதில் ஒலியைப் பதியலாமே என்று யோசித்தார். 1928இல் காந்த நாடா பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜான் மல்லின் ஜெர்மன் பதிவுக் கருவிகள் இரண்டைக் கழற்றி, பாகம் பாகமாகத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார். அதைப் பார்த்து ஆம்பெக்ஸ் நிறுவனம் தன் கருவியைச் செய்தது. 1963இல் பிலிப்ஸ் நாடாவைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்தது. பின்னாளில் வீட்டுக் கணினிகள் பாட்டுக் கேசட்டிலேயே நிரல்களைச் சேமித்தன.

அதற்குள் தங்கவயலுக்கே ஒரு விந்தையான சேமிப்பு வந்து சேர்ந்தது. 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளோடு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தது. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடும் வேலை. தலைக்கு மேலிருந்த பாறை மற்ற துகள்களை ஏறக்குறைய முழுவதுமாக வடிகட்டிவிடும். நியூட்ரினோ பாறையில் மோதி ஒரு துகளைக் கிளப்பினால், அது கடக்கும் வழியில் நியான் குழாய்கள் பளிச்சிடும். கேமரா அதைப் படமெடுக்கும். தேடிய தடயம் கிடைத்தது. உலகுக்கே புதிய அந்தச் சேதி முதலில் குடியேறியது சாதாரணப் படச்சுருளில்! ஒளியில் பிடித்துப் பார்க்கக் கண் போதும். எந்த மென்பொருளும் வேண்டாம்.

பிறகு வந்தவற்றுக்கு அந்த வசதி இல்லை. 1971இல் ஐபிஎம் கொண்டுவந்த எட்டு அங்குல ஃப்ளாப்பி, பெரிய கணினிகளுக்கான நிரல் திருத்தங்களைத் தபாலில் அனுப்பப் பிறந்தது. கொள்ளளவு 80 கிலோபைட். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. 1988இல் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் நாமே எழுதக்கூடிய சிடியைச் செய்தபோது தங்கம் மறுபடி வந்தது: ஒளியைத் திருப்பியனுப்பும் அடுக்குக்கு அவர்கள் தங்கத்தையே பூசினார்கள். விலை குறைக்க வந்தவர்கள் வெள்ளிக்கு மாறினார்கள்.

தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984இல் அறிமுகப்படுத்திய ஃப்ளாஷ் நினைவகம், 2000இல் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனத்தால் கட்டைவிரல் அளவுக் குச்சியாகச் சந்தைக்கு வந்தது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸும் சீனாவின் நெடாக்கும் அது தங்கள் கண்டுபிடிப்பே என்றன. பென் டிரைவ் வந்த மறு ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

பென் டிரைவின் முனையில் தங்கம் இருந்தாலும், தகவல் உறைவது சிப்புக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்களில்தான். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அவை கசிந்துவிடும். கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். எழுதிய சிடியின் சாயம் வெளுக்கும். தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலோ மாரிக்குப்பத்திலோ உங்கள் வீட்டில் தாத்தாவின் சுரங்கக் கதை கேசட்டில் இருந்தால், அத்தையின் கல்யாணம் சிடியில் இருந்தால், ஓட்டும் கருவி கிடைக்கும்போதே பிரதி எடுங்கள். ஒன்று போதாது, இரண்டு எடுத்து வேறுவேறு வீடுகளில் வையுங்கள். முக்கியமான படங்களைத் தாளிலும் அச்சிட்டுவிடுங்கள்.