அகிலின் ஊர்ப்பெயர்கள்

அகில் மரம் பிறவியிலேயே மணப்பதன்று. புண்பட்ட தண்டினுள் பூஞ்சை புகுந்த பின்னரே நறும்பிசின் ஊறிக் கட்டை கருக்கும். நோயுறாத மரம் வெறும் வெண்கட்டையே. ஆதலின், அகில்நெய்யின் தரமறிவார் முதற்கண் வினவுவது அது பிறந்த இடத்தையே.

இவ்வழக்கம் பழமையானது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என அகிலை வகுப்பர். தக்கோலமும் கிடாரமும் மலாய்த் தீபகற்பத்துத் துறைகள். 1025இல் இராசேந்திர சோழனின் படை சென்றவை. மணப்பொருளும் வாளும் ஒரே கடல்வழியை அறிந்திருந்தன போலும்!

மலாய் நாட்டு அகிலினமே அசாமிலும் வளர்கின்றது. ஓசாய் வட்டார வடிப்போர் கட்டையைச் சீவிப் பன்னாள் நீரில் ஊறவைத்து வாலையிலிட்டு நெய் இறக்குவர். காட்டுமரம் அருகியதால், 1995 முதல் அவ்வினத்தின் பன்னாட்டு வணிகத்திற்கு உரிமச்சீட்டு வேண்டப்படுகின்றது. தோட்டத்து நெய்க்குக் காட்டின் பெயரிட்டு விற்பாரும் உளர்.