தாயில்லாப் பிள்ளைகளும் பங்குனி ஆமைகளும்

மலேசியாவின் சபா மாநிலத்தில் செபிலோக் என்ற இடத்தில் 1964-ல் ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளை வளர்த்து, மரம் ஏறவும் கூடு கட்டவும் பழக்கி, மறுபடியும் காட்டில் விடுவதுதான் அதன் வேலை. இதற்குப் பல வருடங்கள் பிடிக்கும். ஏனென்றால் ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு வயது வரை தாயைச் சார்ந்தே வாழும்.

நம் கடலூர்க் கரையில் இதற்கு நேர்மாறான ஒரு பிள்ளை இருக்கிறது. அது பிறக்கும்போதே அனாதை! மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமைதான் அது. தாய் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கடலில் எப்படி வாழ்வது என்று குஞ்சுக்கு யாரும் சொல்லித் தரவும் தேவையில்லை. கடலைச் சென்று சேர்ந்தால் போதும்.

அந்தச் சில அடி தூரம்தான் பிரச்சினை. நாய், நரி, காகம், நண்டு எல்லாம் காத்திருக்கும். போதாததற்கு மனிதர்களும் முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்றார்கள். வெளிச்சமான இடத்தைக் கடல் என்று நம்பி நகர்வது குஞ்சுகளின் இயல்பு. இதனால் தெருவிளக்கை நோக்கிப் போய்ச் சாகும் குஞ்சுகளும் உண்டு.

தமிழகத்தில் இதற்கான முயற்சி சென்னையில் தொடங்கியது. ரோமுலஸ் விட்டேக்கரும் பாம்புப் பண்ணை நண்பர்களும் 1970-களின் தொடக்கத்தில் இரவுகளில் கடற்கரையில் நடந்து முட்டைகளைத் தேடினார்கள். 1974-ல் ஒரு பொரிப்பகம் அமைத்தார்கள். பிறகு 1980-களில் வனத்துறை இந்த வேலையைச் செய்தது. 1988-ல் சென்னை மாணவர்கள் தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கி அதே நடையைத் தொடர்ந்தார்கள்.

இன்று கடலூர் மாவட்டத்திலும் வனத்துறை முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைத் தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரைகளில் கடலில் விடுகிறது. கேட்க எளிதாக இருந்தாலும் இதில் கவனம் வேண்டும். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டைகளைப் புரட்டாமல் எடுத்துவர வேண்டும். தாமதித்துப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு அதிகமானால் எல்லாமே பெண்ணாகிவிடும்! அதனால்தான் பொரிப்பகங்களில் நிழல் தேவைப்படுகிறது. சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

அப்படியானால் ஆமைகள் பிழைத்துவிட்டனவா? இல்லை. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேலே வர வேண்டும். இழுவை வலையில் நெடுநேரம் சிக்கினால் மூழ்கிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையை ஒட்டி 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலமும் இருக்கிறது. ஆனால் அது ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. ஆமைகள் முட்டையிட வருவதோ பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை!

அதற்காக மீனவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வலையில் ஆமை சிக்கினால் வலையும் கிழிகிறது, அன்றைய பிழைப்பும் கெடுகிறது. ஆமை வெளியேற வழிவிடும் கருவியை வலையில் பொருத்தலாம். ஆனால் அந்த வழியாக மீனும் போய்விடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒராங்குட்டான் கதை சொல்லும் பாடமும் இதுதான். காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டுவிட்டால், வளர்த்த குட்டியை எங்கே கொண்டுபோய் விடுவது? தேவனாம்பட்டினத்தில் விடும் குஞ்சு பிழைத்து வளர்ந்து தாயாக பத்து, பதினைந்து வருடங்கள் ஆகும். அது திரும்பி வரும் நாளில் பரங்கிப்பேட்டை முதல் கடலூர் வரை கடல் அதற்கு வழிவிட வேண்டும். அப்போதுதான் இன்று முட்டை சுமந்தவர்களின் உழைப்பு முழுமையடையும்.