குன்னத்து வெயிலும் மின்கட்டணமும்

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டாரம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பூமி. மண்சுவரும் கூரையும் நாட்டு ஓடும் திண்ணையும் கொண்ட பழைய வீடுகள் காசில்லாமலே கோடையைச் சமாளித்தன. இன்னொரு பக்கம், மின்சாரம் வழங்கத் தமிழ்நாடு மின்சார வாரியம் 1957இல் உருவானது. குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு பிற்பாடு இலவசமாயிற்று.

கான்கிரீட் தளம் வந்ததும் நிலை மாறியது. பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் வீட்டுக்குள் இறக்கும். அதற்கான சிமெண்டு பக்கத்து அரியலூரிலேயே தயாரானது வேடிக்கைதான். 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசே விலையில்லா மின்விசிறி தந்தது. பிறகு ஏசி வந்தது.

2016 மே மாதம் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமானது. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. அந்த 2022 விகிதத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் ஆனது. 510 யூனிட் என்றால் 2,030 ஆனது. வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல், முக்கியமாக, 500ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்ற குறைந்த கட்டணப் படி மறைந்து 4.50 ஆனதால். கோடையில் ஏசி உள்ள வீடுகள் இடறுவது இந்த வரம்பில்தான். சூட்டைக் குறைக்க மாடியில் வெள்ளையடிப்பது மலிவான வழி. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட் கூரைச் சூரியத்தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.