ராட்சத வில்லோ அசுவினி

ராட்சத வில்லோ அசுவினி (டியூபரோலாக்னஸ் சாலிக்னஸ்) வில்லோ மரத்தின் தண்டிலும் கிளைகளிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி. ஜெர்மன் இயற்கையியலாளர் கிமெலின் 1790-ல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். பூர்வீகம் ஆசியா என்று கருதப்படுகிறது. வில்லோ வளரும் பெரும்பாலான நாடுகளுக்கு எப்போதோ பரவிவிட்ட இது, நியூசிலாந்தில் 2013 டிசம்பரில்தான் முதன்முறையாகப் பதிவானது. வில்லோ என்பது சேலிக்ஸ் பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலையும் அதைச் சேர்ந்ததே.

தோற்றமும் வாழ்வும்

பருத்தியிலும் தட்டைப்பயறிலும் நாம் பார்க்கும் அசுவினி சுமார் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். இது ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டும். உலகின் மிகப் பெரிய அசுவினிகளில் ஒன்று. சாம்பல் கலந்த பழுப்பு உடலில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். முதுகின் நடுவே ரோஜா முள்ளைப் போல ஒரு கரிய புடைப்பு எழுந்து நிற்கும். அது எதற்கு என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை; ஆனால் பூச்சியை அடையாளம் காண அது ஒன்றே போதும். நசுக்கினால் விரலில் செங்கறை படியும்.

இந்த இனத்தில் ஆண் பூச்சி உலகில் எங்குமே கண்டறியப்படவில்லை. பெண்கள் இணைசேராமல் நேரடியாகக் குட்டிகளை ஈனுகின்றன. ஆகவே சிறகுள்ள ஒரே பெண் பூச்சி புதிய நிலத்தில் இறங்கினாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும். கோடையின் பிற்பகுதியில் பெருகத் தொடங்கி, இலையுதிர் காலத்தில் கிளைகளைப் போர்த்தும் அளவுக்குச் சேர்ந்து, குளிர்காலம் முடியும் தறுவாயில் மறைந்துவிடும். வசந்தத்தில் எங்கே இருக்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

இலையை விட்டு, தடித்த பட்டையைத் துளைத்து உள்ளே சாறு ஓடும் திசுவான புளோயம் வரை ஊசி போன்ற வாயுறுப்பைச் செலுத்துவது இதன் வழக்கம். இதையே ஆய்வாளர்கள் கென்னடியும் மிட்லரும் 1953-ல் ஓர் ஆய்வுக் கருவியாக்கினார்கள். சாறு குடித்துக்கொண்டிருக்கும் அசுவினியின் வாயூசியை வெட்டிவிட்டால், மரத்தில் தங்கிய துண்டின் வழியே சாறு தொடர்ந்து கசியும். மரத்தின் சாற்றைக் கலப்படமின்றிச் சேகரிக்க இதைவிட நேர்த்தியான வழி அன்று இருக்கவில்லை.

நியூசிலாந்தில் பதிவு

முதல் பதிவு ஆக்லாந்தில் கிடைத்தது. தேடத் தொடங்கியதும் அடுத்த சில மாதங்களிலேயே வடக்கு, தெற்கு இரு தீவுகளிலும் தென்பட்டது. எனவே அந்த டிசம்பருக்கு முன்பே அது அங்கே குடியேறியிருக்க வேண்டும். ஒரு பூச்சியின் முதல் பதிவு, அது நாட்டுக்குள் வந்த நாளைக் காட்டுவதில்லை. தெரிந்த கண்ணில் பட்ட நாளையே காட்டுகிறது. இவ்வளவு பெரிய பூச்சியே பார்வைக்குத் தப்பியது என்றால் சிறியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

புதிய நிலப்பகுதியில் ஓர் அசுவினியைப் பதிவு செய்ய ஒளிப்படம் மட்டும் போதாது. மாதிரிகளை ஆல்கஹாலில் பாதுகாத்து, சிலவற்றைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் உறுதிசெய்து, பொதுச் சேகரிப்பு ஒன்றில் ஒப்படைப்பதே முறை. நாள், இடம், ஓம்புமரத்தின் இனம், பூச்சிக்குச் சிறகு உண்டா இல்லையா என்பவை உடன் எழுதப்படும். வில்லோவில் கலப்பினங்கள் ஏராளம் என்பதால், பூச்சியை அடையாளம் காண்பதைவிட மரத்தை அடையாளம் காண்பதே சில வேளைகளில் பெரும்பாடு.

விளைவுகள்

நியூசிலாந்தில் ஆற்றங்கரை அரிக்காமலும் மலைச்சரிவு சரியாமலும் இருக்க வில்லோவை நட்டிருக்கிறார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் தேனீக்களுக்கு மகரந்தம் தருவதும் இதுவே. அசுவினி மொய்த்தால் மரத்தின் வளர்ச்சி குன்றும், வேரும் மெலியும். அது வெளியேற்றும் இனிப்புக் கழிவு கீழே சொட்டி, கிளையிலும் தரையிலும் கரும்பூசணம் படரும். அந்த இனிப்பைத் தேடி அயல்நாட்டுக் குளவிகள் திரளும். அவை தேனீப் பெட்டிகளுக்குள் புகுந்து தேனீக்களைத் தாக்குவதும் உண்டு.

தேனீ வளர்ப்போரின் தலைவலி வேறு. அந்தக் கழிவில் மெலிசிடோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. தேனீக்கள் அதைச் சேர்த்து வைத்தால் தேன் அடைக்குள்ளேயே இறுகிவிடும். 'சிமென்ட் தேன்' எனப்படும் இதை எந்திரத்தில் சுழற்றினாலும் எடுக்க முடியாது.

மருந்தடித்து இந்த அசுவினியை ஒழிப்பது நடக்காத காரியம்: நீரோரம் நிற்கும் மரங்கள், அவற்றை நாடிவரும் தேனீக்கள். அதனால் சயான் என்ற வன ஆய்வு நிறுவனம் கலிபோர்னியாவிலிருந்து பௌசியா நைக்ரோவேரியா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து சோதித்தது. அரசு அனுமதிக்குப் பின் 2020-ல் அது வெளியே விடப்பட்டது. குளவி அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். எஞ்சும் கூட்டில் வட்டமாக ஒரு துளையிட்டு முதிர்ந்த குளவி வெளியேறும். கள ஆய்வில் குளவி நிலைத்துவிட்டதற்கு இந்தத் துளையிட்ட கூடுகளே சான்று.

ஆஸ்திரேலியாவிலும் இதே அசுவினி 2014-ல் பதிவானது. அங்கே வில்லோ இனங்களில் பெரும்பாலானவை தேசிய அளவில் முக்கியமான களைகளின் பட்டியலில் இருப்பதால், நியூசிலாந்து அடைந்த பதற்றத்துக்கு அங்கே பெரிய காரணம் இல்லை.