போலந்து நிலவறைகளில் இரண்டு கொதிகலன்கள்

மேல் சிலேசியா பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக நிலக்கரி வெட்டப்பட்டு வந்தமையாலும், சுரங்கத் தொழிலாளிக்குக் கூலியோடு நிலக்கரியையும் அளந்து கொடுக்கும் சம்பிரதாயம் நிலைபெற்றிருந்தமையாலும், போலந்து தேசத்து இல்லங்களில் குளிர்காலத்தைக் கழிப்பதற்கு வேறோர் எரிபொருளை நாடவேண்டிய அவசியம் நெடுங்காலம் பலருக்கு ஏற்படவில்லை. முற்காலத்தில் மெருகேற்றிய ஓடுகள் பதித்த கணப்படுப்புகள் அறைகளில் இருந்தன. 1960களிலும் 1970களிலும் பெட்டி வடிவில் எழுந்த வீடுகளிலோ, நிலவறையில் ஒரு கொதிகலனை நிறுத்தி, அதில் காய்ந்த நீரைக் குழாய்கள் வழியே அறைகள்தோறும் செலுத்தும் ஏற்பாடு பரவிற்று.

நிலக்கரி நெருப்பை மூட்டியபின் நினைத்த மாத்திரத்தில் அணைக்க இயலாது. மின்சாரம் நின்று பம்பு ஓய்ந்தாலும் கனல் ஓயாது. நீர் கொதித்து ஆவி பெருகும். ஆவிக்குப் போக்கிடம் இல்லையேல் கொதிகலனே வெடித்துவிடும். ஆகையினால்தான் வீட்டின் உச்சியில், வெளிக்காற்றோடு தொடர்புடைய ஒரு நீர்த்தொட்டியை அமைத்து, அந்தச் சுற்று முழுவதையும் திறந்த சுற்றாகவே வைத்தார்கள். எரிவாயுக் கொதிகலனின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. மூள் என்றால் மூளும், அணை என்றால் அணையும். ஆனால் அதற்கு வேண்டுவது காற்றுப் புகாத, அழுத்தத்துக்கு உட்பட்ட மூடிய சுற்று. திறந்த தொட்டியில் பிராணவாயுவை ஏற்ற நீர் அதனுள் பாய்ந்தால், துருவும் கசடும் சேர்ந்து அதன் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். இவ்விரண்டையும் ஒரே வீட்டில் இசைந்து வாழச் செய்தது தகட்டு வெப்பமாற்றி என்னும் சிறிய சாதனமாகும். நெருக்கமாக அடுக்கிய மெல்லிய எஃகுத் தகடுகளின் ஒருபுறம் நிலக்கரிச் சுற்றின் நீரும் மறுபுறம் எரிவாயுச் சுற்றின் நீரும் ஓட, நீரோடு நீர் கலவாமல் உஷ்ணம் மாத்திரம் கடந்து செல்லுகிறது. எத்துணை எளிய, எத்துணை மேன்மையான யுக்தி! கரி தணிந்தால் எரிவாயு தானே மூண்டுகொள்ளும். புகைபோக்கிகள் மட்டும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

எரிவாயுவின்பால் ஜனங்களைத் திருப்பியதில் புகைக்குப் பெரும்பங்கு உண்டு. விஸ்துலா நதிப் பள்ளத்தாக்கில் அமைந்த கிராக்கோவ் நகரில், காற்றசையாத குளிர்நாட்களில் அடுப்புப் புகை கலையாமல் தேங்கும். அதனை எதிர்த்து 2012இல் தோன்றிய மக்கள் இயக்கத்தின் விடாமுயற்சியால், நீதிமன்றத்தில் ஒருமுறை தோல்வியுற்ற தடை மீண்டும் இயற்றப்பட்டு, 2019 செப்டம்பர் 1 முதல் நிலக்கரியும் விறகும் அந்நகரில் விலக்கப்பட்டன. அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்த குழந்தைகளை எண்ணும்போது, இத்தடை காலந்தாழ்ந்தே வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

எனினும் பழைய கொதிகலனை அகற்றாது துணையாக வைத்துக்கொண்ட குடும்பத்தாரைப் பிற்போக்காளர் என்று பழிப்பது நியாயமன்று. 2022 ஏப்ரலில் ரஷ்ய நிலக்கரியைப் போலந்து விலக்கியது. அதே மாதம் 27ஆம் நாள் ரஷ்யா எரிவாயுவை நிறுத்தியது. வீட்டு உபயோகத்துக்கான கரியில் கணிசமான பகுதி ரஷ்யாவிலிருந்தே வந்துகொண்டிருந்தபடியால், சுரங்கங்கள் நிறைந்த போலந்திலேயே, கோடை வெயிலில், போக்தாங்கா சுரங்கத்தின் வாயிலில் மக்கள் இரவும் பகலும் வண்டிகளில் காத்துக்கிடந்தனர். கரியால் வீட்டைச் சூடாக்கும் குடும்பங்களுக்கு அரசாங்கம் 3,000 ஸ்லோட்டி உதவித்தொகை வழங்க நேர்ந்தது. பழைய கரிக் கொதிகலனை நீக்குவோர்க்கு 2018 முதல் மானியம் அளித்துவந்த தூய காற்றுத் திட்டமும், 2025இல் தன் விதிகளைத் திருத்தியபோது, எரிவாயுக் கொதிகலனையும் மானியப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.